மூணு இறுதியிலும் தோத்தவங்களைப் பெரிய ஆள்னு எப்படிச் சொல்றது?

கேள்வி, 1 செப்டம்பர் 2024

பேட்மின்டன்ல ஜப்பான் ஓப்பன் போட்டியோட ஃபுகுஷிமா - ஹிரோட்டா ஜோடி பிரிஞ்சதுக்கு ஆளாளுக்குக் கண்ணீர் விடறீங்க. உலகச் சாம்பியன்ஷிப்ல தொடர்ந்து மூணு வருஷம் இறுதிக்கு வந்து மூணுலயும் சீனாகிட்ட தோத்தவங்க. ஒலிம்பிக்ல பதக்கமே இல்ல. சயாகா ஹிரோட்டாவை மகத்தான இரட்டையர் ஆட்டக்காரின்னு சொல்ல அப்படி என்ன இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

1 செப்டம்பர் 2024, இரவு 10.50

தம்பி, முதல்ல கணக்கைச் சரி பண்ணிக்கலாம். சீனாகிட்ட தோத்தது ஒரு தடவைதான். 2017 கிளாஸ்கோ, சென் சிங்சென் - ஜியா யிஃபான் ஜோடிகிட்ட, 18-21, 21-17, 15-21. அடுத்த ரெண்டு இறுதியிலயும் எதிர்ல நின்னது இன்னொரு ஜப்பான் ஜோடி: மாயு மட்சுமோட்டோ, வகானா நாகஹாரா.

ஸ்கோரை வாய்விட்டுப் படிங்க. 2018 நான்ஜிங்: 21-19, 19-21, 20-22. 2019 பாசெல்: 11-21, 22-20, 21-23. ரெண்டு வருஷம், ரெண்டு தங்கம், ரெண்டும் மூணாவது கேம் வரைக்கும் போய் ரெண்டு ரெண்டு புள்ளியில கைநழுவிப் போச்சு. மொத்தம் நாலு புள்ளி. எங்க கோர்ட்ல நாலு புள்ளிக்காக ரெண்டு வாரம் பேசாம இருந்தவங்க உண்டு.

இன்னொண்ணு. நான்ஜிங்குக்கு முன்னாடி பெண்கள் இரட்டையர்ல ஜப்பானுக்கு உலகப் பட்டம் கிடைச்சது 1977-ல, மால்மோவில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்ல. 41 வருஷம் கழிச்சு அந்தப் பட்டம் திரும்பி வந்த அன்னிக்கு வலைக்கு ரெண்டு பக்கமும் ஜப்பான்காரங்கதான் நின்னாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தர் ஹிரோட்டா. இதுவே எனக்குப் போதும். உங்களுக்குப் போதாதுன்னா நாளைக்கு இன்னும் எழுதறேன்.

2 செப்டம்பர் 2024, காலை 7.15

தோல்வியை மட்டும் எண்ணினா எப்படி? ஜெயிச்சதையும் சொல்லிடறேன்.

2018 ஆசியச் சாம்பியன் பட்டம். அதே வருஷம் பாங்காக்ல ஊபர் கோப்பை, அதாவது பெண்களுக்கான உலக அணிப் போட்டி, இறுதியில தாய்லாந்தை 3-0 அடிச்சு 37 வருஷத்துக்கு அப்புறம் ஜப்பான் வாங்கினது. அந்த அணியில இந்த ஜோடியும் உண்டு. 2018 ஜூன்ல உலகத் தரவரிசையில முதல் இடம். இந்தோனேசியா ஓப்பன் 2018, 2019, ரெண்டு வருஷமும். 2020 மார்ச்ல பர்மிங்ஹாம்ல ஆல் இங்கிலாந்து, 21-13, 21-15. அது முடிஞ்ச கையோட கொரோனா வந்து உலகமே மூடிக்கிச்சு. அதனாலேயே அந்தப் பட்டத்தைப் பத்தி யாரும் சரியாப் பேசலைன்னு எனக்கு ஒரு ஆதங்கம்.

2 செப்டம்பர் 2024, இரவு 11.30

மத்தியானம் ஒருத்தர், "பட்டியல் சரி, ஆனா டோக்கியோவில் என்னாச்சு?"னு கேட்டிருந்தார். அதைப் பத்தி எழுதத்தான் நானும் தயங்கிட்டிருந்தேன்.

2021 ஜூன். ஒலிம்பிக்குக்கு ஏறக்குறைய ஒரு மாசம் இருக்கு. பயிற்சியில ஹிரோட்டாவோட வலது முழங்கால்ல முன் லிகமென்ட், ஏ.சி.எல்.னு சொல்றது, கிழிஞ்சுபோச்சு. அது முழங்காலுக்கு நடுவுல, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடிச்சுவெச்சிருக்கிற கயிறு மாதிரி. கீழ்க்கால் எலும்பு முன்னாடி வழுக்கி வராமலும், திரும்பும்போது முறுக்கிக்காமலும் அதுதான் காப்பாத்துது. அது இல்லாம நேரா நடக்கலாம், மெல்ல ஓடக்கூடச் செய்யலாம். சட்டுனு நின்னு திரும்பணும்னா கால் கைவிட்டுடும். பேட்மின்டன்ல சட்டுனு நின்னு திரும்பறதைத் தவிர வேற என்ன இருக்கு?

அதுவும் வலதுகை ஆட்டக்காரிக்கு வலது கால். நெட்டுக்குப் பக்கத்துல விழற ஒவ்வொரு பந்துக்கும் கடைசி எட்டு வைக்கிறது அந்தக் கால்தான். மொத்த உடம்பும் முன்னாடி பாயற வேகத்தை அந்த ஒரு முழங்கால் வாங்கிக்கணும், வாங்கின உடனே பின்னாடி தள்ளியும் விடணும். ஒரு கேம்ல அது எத்தனை தடவைன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

உலகத்தின் முதல் ஜோடியா, முதல் தரநிலையில, சொந்த நாட்டுல நடக்கிற ஒலிம்பிக். முசாஷினோ அரங்கத்துல ஒரு பார்வையாளர் கிடையாது. தொலைக்காட்சியில ஷூ தரையில கிறீச்சிடற சத்தம் கேக்குது, ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடற குரல் கேக்குது. ஹிரோட்டா உள்ள நடந்து வந்தாங்க. தொடையில பாதியிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் பெரிய கறுப்பு முழங்கால் கவசம். என் பக்கத்துல இருந்த என் பொண்ணு, "அம்மா, அந்த அக்காவுக்குக் கால்ல என்ன?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியும், சொல்ல வாய் வரலை.

ஆனா ஆடினாங்க. முதல்ல இங்கிலாந்து ஜோடி, அப்புறம் மலேசிய ஜோடி, ரெண்டையும் ஜெயிச்சாங்க. காலிறுதியில இந்தோனேசியாவின் கிரேசியா போலி - அப்ரியானி ரஹாயுகிட்ட தோத்தாங்க.

3 செப்டம்பர் 2024, காலை 6.40

மேல கடைசி வரி தப்பு. தூக்கக் கலக்கத்துல எழுதிட்டேன், ஒருத்தர் பிடிச்சுட்டார், நன்றி. இந்தோனேசியாகிட்ட தோத்தது குழு ஆட்டத்துல: 22-24, 21-13, 8-21. அதனால குழுவில ரெண்டாவதா வந்து, காலிறுதியிலேயே சென் - ஜியா மாட்டினாங்க. கிளாஸ்கோவில் எதிர்ல நின்ன அதே ரெண்டு பேர். அதுல 21-18, 10-21, 10-21.

தப்பா எழுதினதுல ஒரு நல்லது நடந்தது, ஸ்கோரைத் திரும்பப் பார்த்தேன். அந்த 21-18-ஐக் கவனிங்க. லிகமென்ட் இல்லாத காலோட சீனாவின் முதல் ஜோடிகிட்ட முதல் கேமை வாங்கியிருக்காங்க. போலி - ரஹாயு அந்த ஒலிம்பிக்ல தங்கமே வாங்கினவங்க. அவங்ககிட்டயும் ஒரு கேமை 21-13-ன்னு பிடுங்கியிருக்காங்க.

சென் - ஜியா ஆட்டம் முடிஞ்சதும் வலையைத் தாண்டி வந்து ஹிரோட்டாவையும் ஃபுகுஷிமாவையும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. ஜெயிச்சவங்க முகத்துல சிரிப்பே இல்ல. அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேனோ தெரியாது.

3 செப்டம்பர் 2024, இரவு 9.20

பிசியோதெரபி பண்ற ஒருத்தர் கொஞ்சம் கோபமாவே எழுதியிருக்கார்: கிழிஞ்ச லிகமென்டோட ஆடறதை வீரம்னு எழுதாதீங்க, இதைப் படிச்சுட்டு நாலு பேர் முழங்கால் உறையை மாட்டிக்கிட்டு கோர்ட்டுக்குப் போவாங்க, சவ்வும் சேர்ந்து கிழியும்னு.

அவர் சொல்றது நியாயம். நான் அப்படி எழுதலைன்னு வாதாட நினைச்சேன், திரும்பப் படிச்சா அப்படித்தான் இருக்கு. அதனால இப்போ என் கதையைச் சொல்லணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. பின்பக்க இடது மூலைக்கு ஒரு உயரமான பந்து. பின்னாடி போய், பேக்ஹேண்டுக்கு மனசு வராம, உடம்பை வளைச்சுத் தலைக்கு மேல அடிச்சேன். இடது கால் ஒத்தையா தரையில இறங்கிச்சு. "டப்"புன்னு ஒரு சத்தம். வலி அப்புறம்தான். முதல்ல வந்தது, கால் என்னோடது இல்லைங்கிற மாதிரி ஒரு உணர்வு. ஸ்கேன் எடுத்த இடத்துல முதல் தடவை சாதாரண சுளுக்குன்னு அனுப்பிட்டாங்க. மூணு வாரம் அப்படியே நடந்தேன். மாடிப்படி இறங்கும்போது கால் நழுவி விழுந்த பிறகுதான் வேற இடத்துல காட்டினோம். பேட்மின்டன்ல இது ரொம்ப வழக்கமான விதம்னு அப்புறம் தெரிஞ்சது: பேட் பிடிக்காத பக்கத்துக் கால், மூலையில தலைக்கு மேல அடிச்சுட்டு ஒத்தைக் கால்ல இறங்கும்போது.

அறுவை சிகிச்சை. தொடைக்குப் பின்னாடி இருந்து தசைநார் எடுத்துக் கட்டினாங்க. முதல் மாசம் காலை நீட்டவும் மடக்கவும் கத்துக்கிட்டது ஞாபகம் இருக்கு, குழந்தை மாதிரி. ஒரு வருஷம் கழிச்சு கோர்ட்டுக்குத் திரும்பினேன்.

இதுக்கு அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன், நேரமாச்சு. நாளைக்கு.

4 செப்டம்பர் 2024, மாலை 6.05

எனக்கு ஒன்பது வருஷமா ஒரே பார்ட்னர். அக்கான்னுதான் கூப்பிடுவேன், என்னைவிட ஆறு வயசு மூத்தவங்க. திரும்பி வந்த முதல் நாள், ரெண்டாவது பந்துலயே கவனிச்சேன். பின்னாடி வர்ற எல்லாத்துக்கும் அக்காவே ஓடறாங்க. என் பக்கத்து மூலைக்கும். என்னை நெட்டுக்கிட்ட நிக்கவெச்சுட்டு, 13.4 மீட்டர் நீளக் கோர்ட்ல எங்க பாதியில பெரும்பகுதியை அவங்க ஒருத்தரே பார்த்தாங்க. ஒரு வார்த்தை சொல்லலை. எனக்குக் கோபம் வந்தது. பாவம் பார்க்கிறாங்கன்னு கோபம். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதுக்கு அப்புறம் ஒருநாள் டோக்கியோ ஆட்டத்தைத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை ஹிரோட்டாவை விட்டுட்டு ஃபுகுஷிமாவையே பார்த்தேன். அதே ஓட்டம். முடிஞ்சவரைக்கும் ஹிரோட்டாவை முன்னாடி வெச்சுட்டு பின்பக்கத்தை ஃபுகுஷிமா எடுத்துக்கறாங்க. எதிராளிக்குத் தெரியாதா? அவங்க ஹிரோட்டா தலைக்கு மேல தூக்கித் தூக்கிப் போடறாங்க. அது அவங்க வேலை.

அப்புறம் மறுபடி ஹிரோட்டாவைப் பார்த்தேன். என் கண்ணுக்கு அதுவரைக்கும் படாத ஒண்ணு பட்டுச்சு. அவங்க சும்மா நிக்கலை. ஓட முடியாத குறையை வேற இடத்துல ஈடு கட்டறாங்க. சர்வீஸ் நெட்டை ஒட்டியே போகுது, எதிராளி தூக்கித்தான் ஆகணும். தூக்கின பந்து ஃபுகுஷிமா ஸ்மாஷ் அடிக்க வாகான இடத்துக்கு வருது. ரிட்டர்ன் எங்க வரும்னு முன்கூட்டியே பேட்டை உயர்த்திவெச்சு, ஒரு எட்டுக்கு மேல தேவைப்படாத இடத்துல நின்னு குறுக்கிடறாங்க. தன்னால பார்ட்னருக்குக் கூடற ஓட்டத்தை, தன் கையாலயே குறைச்சுக் கொடுக்கறாங்க. பட்டியல்ல எந்தக் கோப்பையிலயும் இது எழுதியிருக்காது. கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: இரட்டையர்ல ஒருத்தரோட அளவு பக்கத்துல நிக்கிறவங்க ஆட்டத்துலதான் தெரியும்.

4 செப்டம்பர் 2024, இரவு 10.10

பிசியோ நண்பருக்கு: உங்க கருத்தை முழுசா ஒத்துக்கறேன்னு சொல்ல முடியலை. உங்ககிட்ட வர்றவங்களுக்கு நீங்க சொல்றது வேதவாக்கு. யாரும் இதைப் பார்த்துட்டு ஆடப் போகாதீங்க, நானும் போகமாட்டேன். ஆனா ஹிரோட்டாவுக்கு முன்னாடி அன்னிக்கு இருந்தது ரெண்டே வழி: ஆடறது, இல்ல யூகி ஃபுகுஷிமாவின் ஒலிம்பிக்கும் சேர்ந்து முடியறது. ஒற்றையர்னா விலகறது அவங்க சொந்த முடிவு. இங்க ரெண்டு பேரோட அஞ்சு வருஷம் ஒரு முழங்கால்ல தொங்கிட்டிருந்தது. அது சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்ல எனக்கு மனசு வரலை. நேத்து ஒரு மாதிரி நினைச்சேன், இன்னிக்கு ஒரு மாதிரி நினைக்கிறேன்.

6 செப்டம்பர் 2024, காலை 8.30

"ஒரு நாட்டுல இத்தனை நல்ல ஜோடி எப்படி?"ன்னு ஒரு கேள்வி. சுருக்கமா சொல்றேன்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஜப்பானுக்குப் படுதோல்வி. அதுக்கு அப்புறம் தென்கொரியாவின் பார்க் ஜூ-பொங்கைத் தலைமைப் பயிற்சியாளரா கொண்டுவந்தாங்க. 1992 பார்சிலோனாவில் ஆண்கள் இரட்டையர் தங்கம் வாங்கினவர். அவரவர் கம்பெனி அணியில பிரிஞ்சு கிடந்தவங்களைத் தேசிய முகாமுக்கு இழுத்து ஒண்ணா ஆடவெச்சார். ஜப்பான்ல ஆட்டக்காரங்க பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தோட ஊழியர்கள், நிறுவனத்துக்கு ஒரு அணி. 2012 லண்டன்ல மிசுகி ஃபுஜி - ரெய்கா காகீவா வெள்ளி. 2016 ரியோவில் அயாகா தகாஹாஷி - மிசாகி மட்சுடோமோ தங்கம். டென்மார்க் ஜோடிக்கு எதிரா மூணாவது கேம்ல 16-19-ல பின்தங்கி, தொடர்ந்து அஞ்சு புள்ளி எடுத்து 21-19. ஜப்பானுக்கு பேட்மின்டன்ல முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

ஆனா ஒலிம்பிக்குக்கு ஒரு நாட்டுல இருந்து அதிகபட்சம் ரெண்டு ஜோடிதான். டோக்கியோவுக்கான ஓட்டத்துல ரியோ தங்கம் வாங்கின அந்த ஜோடியையே மூணாவது இடத்துக்குத் தள்ளினவங்கதான் ஃபுகுஷிமா - ஹிரோட்டாவும் மட்சுமோட்டோ - நாகஹாராவும். ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு, 2020 ஆகஸ்ட்ல தகாஹாஷி ஓய்வை அறிவிச்சாங்க. அப்படிப்பட்ட வரிசையில முதல் ஆளா நின்னவங்களைத்தான் நாம, "என்ன இருக்கு?"ன்னு கேட்டுட்டு இருக்கோம்.

6 செப்டம்பர் 2024, மதியம் 1.45

ஒண்ணு விட்டுப்போச்சு. ஹிரோட்டா, ஃபுகுஷிமா ரெண்டு பேரும் குமாமோட்டோ மாகாணத்துக்காரங்க. முதல்ல ரெனெசாஸ் அணி; அந்த அணியை 2015-ல சைஷுன்கான்ங்கிற குமாமோட்டோ நிறுவனம் எடுத்துக்கிச்சு. மறு வருஷம் ஏப்ரல்ல அங்க பெரிய பூகம்பம், மூணு நாளுக்குள்ள ரெண்டு பெரிய அதிர்வு. அதிகம் அடிவாங்கின மாஷிகி ஊர்லதான் அந்த நிறுவனமே இருக்கு. அதுக்கு அடுத்த வருஷம்தான் கிளாஸ்கோ வெள்ளி. அப்புறம் கிஃபு மாகாணத்து அணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே இடம் மாறினாங்க. வேலை மாறும்போதுகூடப் பார்ட்னரை விடலை. இதை என் அக்காகிட்ட சொன்னேன், "நீ வேலை மாறினா நான் வரமாட்டேன்டி"ன்னாங்க.

9 செப்டம்பர் 2024, இரவு 9.00

டோக்கியோவுக்கு அப்புறம் என்னன்னு கேட்டவருக்கு. அறுவை சிகிச்சை பண்ணிக்கிட்டு 2022-ல திரும்பினாங்க. 2023-ல துபாய்ல மறுபடி ஆசியச் சாம்பியன், தென்கொரியாவின் பேக் ஹா-நா - லீ சோ-ஹீயை ஜெயிச்சு. நான் அப்போ பிசியோ படுக்கையில காலுக்கு ரப்பர் பேண்ட் மாட்டிக்கிட்டு போன்ல பார்த்தேன். அன்னிக்குச் சொன்னதைவிட பத்து தடவை கூடுதலா காலைத் தூக்கினேன்.

அந்த வருஷக் கடைசியில இடது முழங்கால். இந்தத் தடவை இடது. பாரிஸுக்கு ஜப்பான்ல இருந்து போனது நாமி மட்சுயாமா - சிஹாரு ஷிடாவும், மட்சுமோட்டோ - நாகஹாராவும். மட்சுயாமா - ஷிடா வெண்கலம் வாங்கினாங்க, சந்தோஷம்தான். அதுக்கு மேல இதைப் பத்தி என்னால எழுத முடியலை.

11 செப்டம்பர் 2024, காலை 7.00

கேள்வி கேட்ட தம்பி தனியா எழுதியிருந்தார்: நாலு புள்ளி கணக்கு தெரியாமத்தான் கேட்டுட்டேன், பாசெல் இறுதியை முழுசாப் பார்த்தேன், மூணாவது கேம்ல எழுந்து நின்னுட்டேன்னு. தம்பி, அந்த ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்து முடிச்சவங்க யாரும் கிடையாது. கேட்டதுக்கு நன்றி, நீங்க கேக்கலைன்னா இதை எல்லாம் நான் எழுதியிருக்க மாட்டேன்.

23 மார்ச் 2025, இரவு 8.40

ஆறு மாசம் கழிச்சு இந்த இழையைத் திறக்கறேன். ஃபுகுஷிமா இப்போ யாரோட ஆடறாங்கன்னு பார்த்தீங்களா? மாயு மட்சுமோட்டோவோட. நான்ஜிங்லயும் பாசெல்லயும் வலைக்கு அந்தப் பக்கம் நின்ன அதே மட்சுமோட்டோ. முதல்ல எனக்கு ஏதோ துரோகம் மாதிரி இருந்தது. ஒரு வாரம் ஆச்சு அது அடங்க. மாயுவும் தன் நாகஹாராவைப் பிரிஞ்சு வந்தவங்கதானே. அந்த நாலு புள்ளியோட எடை என்னன்னு ஃபுகுஷிமாவுக்குப் பிறகு உலகத்துல நல்லாத் தெரிஞ்ச ஆளுங்க சில பேர்தான், அதுல மாயுவும் ஒருத்தர்.

இன்னிக்குக் காலையில எங்க கோர்ட்ல அக்கா மூச்சு வாங்கிட்டு நின்னாங்க. ஒரு உயரப் பந்து என் மூலைக்கு வந்தது. அவங்க காலை எடுக்கறதுக்கு முன்னாடி, "எனக்கு!"ன்னு கத்திட்டு நானே பின்னாடி போனேன். ஸ்மாஷ் அடிக்கலை, ஆழமா ஒரு கிளியர் போட்டு ரெண்டு கால்லயும் இறங்கினேன். அக்கா நெட்டுக்கிட்ட பேட்டை உயர்த்திக்கிட்டு நின்னாங்க, திரும்பிப் பார்க்கவே இல்ல.